சீட்டுக்கட்டில் ஒரு பாடம்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

புலமை மிக்கவர்கள் பேசிச் சென்ற மேடை இது. பள்ளி இறுதித் தேர்வோடு படிப்பை நிறுத்திக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்துவிட்ட என்னையும் இங்கே பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பேரேட்டையும் வருகைப் பதிவேட்டையும் அன்றி வேறு ஏடுகளை அதிகம் புரட்டியவன் அல்லேன். ஆயினும் கடந்த ஓராண்டாக, ஞாயிற்றுக்கிழமை மாலைகளில், நம் சங்கப் படிப்பகத்தின் பின்னறையில், காலனிப் பிள்ளைகள் பதினொருவர் கணிப்பொறிக்கு நிரல் எழுதப் பழகி வருகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குக் கற்பிப்பவன் நான் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். என் மகளின் பதினோராம் வகுப்புப் பாடநூலைத் துணையாக வைத்துக்கொண்டு அவர்களோடு சேர்ந்து நானும் கற்கிறேன். அந்த வகுப்பைப் பற்றியே இன்று சில சொற்கள் சொல்ல விரும்புகிறேன்.

வகுப்பைப் பற்றிப் பெற்றோர் சிலரிடம் ஒரு மனக்குறை உண்டு என்பதை அறிவேன். "பிள்ளைகள் கணிப்பொறி படிக்கிறார்கள் என்று அனுப்பினோம், அங்கே சீட்டாட்டம் அல்லவா நடக்கிறதாம்!" என்று ஒரு தாயார் கேட்டார். நியாயமான கேள்வி. திருவள்ளுவர் 'சூது' என்றே ஓர் அதிகாரம் வகுத்தவர். தருமன் நாடிழந்ததும் நளன் காடேகியதும் சூதினால் என்று கதை கேட்டு வளர்ந்த சமுதாயம் நம்முடையது. அப்படிப்பட்ட நாம், தமிழ்ச் சங்கத்தின் அறையிலே சீட்டுக்கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம்?

அந்த நளன் கதையிலேயே இதற்கு விடை இருக்கிறது. நாடும் மனைவி மக்களும் இழந்த நளன், அயோத்தி மன்னன் இருதுபன்னனிடம் தேரோட்டியாக இருந்தான். வழியிலே நின்ற ஒரு தான்றி மரத்தின் காய்கள் எத்தனை என்பதை அம்மன்னன் மரத்தின்மேல் ஏறிப் பாராமலேயே சொன்னான். நளன் வியந்து, தன்னிடமிருந்த தேரோட்டும் கலையை அவனுக்குக் கொடுத்து, அந்த எண்ணும் கலையை அவனிடமிருந்து பெற்றான். பெற்ற மாத்திரத்தில், அதுவரை அவனைப் பற்றியிருந்த கலி அவனை விட்டு அகன்றான் என்பது கதை. அறிவுரை ஆயிரம் சொல்லியும் அகலாத கலி, எண் அறிந்த அளவிலே அகன்றான்! சூதின் மயக்கத்தை நீக்குவது கணக்கு. நம் பின்னறையில் நடப்பதும் அதுவே.

சீட்டு நமக்குப் புதியதன்று. 1527-ஆம் ஆண்டில் பாபர் சிந்து நாட்டு ஷா ஹசனுக்குக் கஞ்சீபாச் சீட்டுக்கள் அனுப்பியதைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். நம் கரக்பூரிலிருந்து ஆத்ரா செல்லும் வண்டியில் ஏறினால் வழியில் விஷ்ணுபூர் வரும். மண் கோயில்களைப் பார்க்க நம்மில் பலர் அங்கே போயிருப்போம். அவ்வூர்க் கலைஞர்கள் தீட்டும் தசாவதாரச் சீட்டுக்கள் வட்ட வடிவமானவை. அவதாரம் ஒன்றுக்குப் பன்னிரண்டாக ஒரு கட்டில் 120 சீட்டுக்கள். இன்று நாம் கையாளும் 52 சீட்டுக் கட்டு ஐரோப்பியரோடு வந்தது. இஸ்பேட்டு, ஆர்ட்டின், டைமன், கிளாவர் என்று அதன் பெயர்களை நம் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டோம்.

கணிப்பொறிக்கும் சீட்டுக்கும் உள்ள உறவும் பழைமையானதே. 1946-ஆம் ஆண்டு ஸ்டானிஸ்லாவ் உலாம் என்னும் கணித அறிஞர், நோயினின்று தேறிவந்த நாட்களில், தனியாக ஆடும் சீட்டாட்டம் ஒன்றை ஆடிப் பொழுது போக்கினார். இவ்வாட்டம் வெற்றியில் முடிவதற்கு வாய்ப்பு எவ்வளவு என்று காகிதத்தில் கணக்கிட முயன்றார். கணக்கு சிக்கலாக நீண்டது. 'நூறு முறை ஆடிப் பார்த்து, எத்தனை முறை வென்றோம் என்று எண்ணிவிட்டால் என்ன?' என்று அவருக்குத் தோன்றிற்று. அந்த எண்ணத்தை ஜான் வான் நியூமன் என்ற பேரறிஞரோடு பகிர்ந்துகொண்டார். அவ்வாறு பிறந்த முறை, சூதாட்ட விடுதிக்குப் பெயர்போன ஊரின் பெயரால் 'மான்டி கார்லோ முறை' என வழங்குகிறது. அணு ஆராய்ச்சி முதல் வங்கிக் கணக்கு வரை இன்று அம்முறை பயன்படாத துறை அரிது.

இனி, வகுப்புக்கு வருகிறேன். நிரல் என்பது யாது? நம் வீடுகளில் பெரும்பாலோர் இரயில்வேயைச் சார்ந்தவர்கள். நமக்கு இதை விளக்குவது எளிது. வண்டியை வாங்கும் நிலைய அதிகாரி முதலில் எதைச் செய்யவேண்டும், அடுத்து எதைச் சரிபார்க்கவேண்டும், இன்னது நேர்ந்தால் என்ன, நேராவிட்டால் என்ன என்று விதிப்புத்தகத்தில் வரிசையாக எழுதியிருக்கிறதல்லவா? அதைப் போன்றதே நிரல். ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. மனிதனுக்கு எழுதும் விதியில் ஒரு சொல் விடுபட்டாலும் அவன் தன் அறிவால் இட்டு நிரப்பிக்கொள்வான். இயந்திரம் அவ்வாறு செய்யாது. சொன்னதை மட்டும், சொன்ன வரிசையில் மட்டும் செய்யும். நாம் எழுதும் நிரல்மொழியின் பெயர் பைத்தான். நெதர்லாந்து நாட்டவரான கைடோ வான் ரோசம் என்பவர் 1991-இல் வெளியிட்டது. பெயரைக் கேட்டு மலைப்பாம்போ என்று பிள்ளைகள் சிரித்தார்கள். ஆங்கில நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றின் பெயரைத்தான் அவர் இட்டார்.

தொடக்கத்தில் எழுதும் நிரலுக்கு எளிய பொருள் வேண்டும். அப்பொருளின் விதிகள் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும். ஆடி முடித்ததும் சரியா தவறா என்று தாங்களே காணவேண்டும். இம்மூன்றும் சீட்டாட்டத்தில் பொருந்துகின்றன. எனவே நம்மூர் 'உள்ளே வெளியே' ஆட்டத்தை எடுத்துக்கொண்டோம். மங்காத்தா என்று சொன்னால் பெரியவர்களுக்கு விளங்கும். இங்குள்ள அண்டை வீட்டார் 'அந்தர் பாகர்' என்பதும் இதையே. ஒரு சீட்டைத் திருப்பி நடுவில் வைக்கவேண்டும். பிறகு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என மாறி மாறிச் சீட்டுக்களை இட்டுக்கொண்டே போகவேண்டும். நடுவிலுள்ள சீட்டுக்கு இணையான சீட்டு எந்தப் பக்கம் முதலில் விழுகிறதோ அந்தப் பக்கம் வென்றது. அவ்வளவே ஆட்டம்.

முதற்படி, ஆட்டத்தை எளிமையாக்குவது. 'இதில் நமக்கு எது தேவையில்லை?' என்று பிள்ளைகளைக் கேட்டேன். சற்று நேரம் மௌனம். பிறகு எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "மாமா, இஸ்பேட்டா ஆர்ட்டினா என்பது தேவையே இல்லை; ராஜாவுக்கு ராஜா வந்தால் போதும்" என்றாள். மிகச் சரி. ஆஸுக்கு 1, ஜாக்கிக்கு 11, ராணிக்கு 12, ராஜாவுக்கு 13 என்று எண்ணிட்டால், கட்டு முழுவதும் ஒன்று முதல் பதின்மூன்று வரையுள்ள எண்கள், ஒவ்வொன்றும் நான்கு முறை வரும் ஒரு பட்டியலாகிவிடுகிறது. தேவையற்றதை விலக்கித் தேவையானதை மட்டும் நிறுத்திக்கொள்ளும் இந்தத் திறமை கணிப்பொறிக்கு மட்டுமா பயன்படும்? அலுவலகக் கோப்பு ஒன்றைச் சுருக்கி எழுதத் தெரிந்தவர்கள் இதன் அருமையை அறிவார்கள்.

இரண்டாம் படி, கட்டைக் கலைப்பது. கலைப்பது எளிது என்றே எல்லாரும் எண்ணுகிறோம். இதிலேதான் அரிய பாடம் மறைந்திருந்தது. ஒரு பையன் இவ்வாறு எழுதினான்: முதல் இடத்திலிருந்து கடைசி இடம் வரை ஒவ்வோர் இடமாகப் போ, ஒவ்வொரு தடவையும் கட்டிலுள்ள ஏதேனும் ஓர் இடத்தைக் குருட்டாம்போக்கில் தேர்ந்தெடு, இரண்டு இடத்துச் சீட்டுக்களையும் மாற்றி வை. பார்ப்பதற்குக் குறையே தெரியவில்லை. சீட்டுக்கள் நன்றாகவே கலைந்தன. ஆனால் அது நேர்மையான கலைப்பு அன்று.

ஏன் என்பதை அறிய 52 சீட்டு வேண்டாம். மூன்று சீட்டு போதும். மூன்று சீட்டுக்களை வரிசைப்படுத்தும் வகைகள் ஆறு. அந்தப் பையனின் முறையில், மூன்று தடவையும் மும்மூன்று இடங்களில் ஒன்றைத் தேர்வதால், மூன்றை மூன்று முறை பெருக்கி, 27 வழிகள் உண்டாகின்றன. இருபத்தேழை ஆறு பேருக்குச் சமமாகப் பங்கிட முடியுமா? முடியாது. ஆகவே மூன்று வரிசைகள் ஐந்து வழிகளிலும் மற்ற மூன்று வரிசைகள் நான்கு வழிகளிலும் வந்து சேர்கின்றன. 27,000 தடவை கலைத்து எண்ணச் சொன்னோம். சில வரிசைகள் ஏறத்தாழ 5,000 முறையும் சில வரிசைகள் ஏறத்தாழ 4,000 முறையும் வந்து நின்றன. கண்ணுக்குத் தெரியாத ஓரவஞ்சனை எண்ணிக்கையிலே வெளிப்பட்டுவிட்டது.

சரியான முறை வருமாறு. கடைசி இடத்திலிருந்து தொடங்கு. அந்த இடம் உட்பட உள்ள எல்லா இடங்களிலும் ஒன்றைத் தேர்ந்து மாற்றி வை. அவ்விடம் முடிந்தது; இனி அதைத் தொடாதே. அடுத்து, அதற்கு முந்திய இடம் வரையுள்ளவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடு. இவ்வாறே முதல் இடம் வரை வா. மூன்று சீட்டுக்கு வழிகள் மூன்று, இரண்டு, ஒன்று எனப் பெருகி ஆறாகின்றன. ஆறு வரிசைக்கு ஆறு வழி. எவருக்கும் கூடுதலில்லை, குறைவில்லை. பிஷர், யேட்ஸ் என்னும் இரு புள்ளியியல் அறிஞர்கள் 1938-இல் காகிதமும் பென்சிலும் கொண்டு செய்வதற்கு வகுத்த முறை இது. 1964-இல் டர்ஸ்டன்பெல்ட் என்பவர் இதைக் கணிப்பொறிக்கு ஏற்றவாறு அமைத்தார். பைத்தானில் கலைப்பதற்கென ஆயத்தக் கட்டளை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைக் கொடுத்திருந்தால் இந்த உண்மை பிள்ளைகளுக்குத் தெரிந்திராது. 52 சீட்டுக்களையும் வரிசைப்படுத்தும் வகைகளின் எண்ணிக்கையை எழுதினால் அது 68 இலக்கங்கள் கொண்ட எண்ணாகும். அத்தனை வரிசைக்கும் ஒரே நீதி செய்யும் விதி நாலைந்து வரிகளில் அடங்கிவிடுகிறது என்று கண்டபோது பிள்ளைகளின் முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

மூன்றாம் படியும் நான்காம் படியும் எளியவை. முதற் சீட்டை நடுவில் வை, அடுத்ததை உள்ளே இடு, இணையா என்று பார், இணையானால் நிறுத்து, இல்லையேல் அடுத்ததை வெளியே இடு. ஓர் ஆட்டம் முடிந்தது. இந்த ஆட்டத்தையே ஒரு லட்சம் தடவை ஆடி, எந்தப் பக்கம் எத்தனை முறை வென்றது என்று எண்ணச் சொன்னோம். கையால் ஆடினால் ஆண்டுக்கணக்கில் ஆகும். நம் படிப்பகத்துப் பழைய கணிப்பொறி சில விநாடிகளில் முடித்துவிட்டது. எத்தனை தடவை திரும்ப ஓட்டினாலும் முதலில் சீட்டு விழும் பக்கம் 51,500-ஐ ஒட்டியும் மற்றப் பக்கம் 48,500-ஐ ஒட்டியுமே வந்தது. சரிபாதி என்று எல்லாரும் எண்ணியிருந்த ஆட்டம் சரிபாதி அன்று.

இது உண்மைதானா என்று காகிதத்திலும் பார்த்தோம். நடுச்சீட்டு போக மீதம் 51. அவற்றில் இணையானவை மூன்று. அம்மூன்றும் அமரக்கூடிய வகைகள் மொத்தம் 20,825. அவற்றில் முதற் பக்கம் வெல்பவை 10,725. மறுபக்கம் வெல்பவை 10,100. நூற்றுக்கு 51.5 என்று வருகிறது. இயந்திரம் எண்ணிச் சொன்னதும் நாம் பெருக்கி வகுத்துக் கண்டதும் ஒத்துப்போயின. கணக்குப் பாடத்தைக் கண்டாலே அஞ்சும் பையன் ஒருவன், "இதைப் பள்ளிக்கூடத்தில் ஏன் இப்படிச் சொல்லவில்லை?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் விடையில்லை.

அன்பர்களே, இனி நான் சொல்லப்போவதை ஒருவரின் சம்மதத்தோடு சொல்கிறேன். பெயர் வெளிவருவதை அவர் விரும்பவில்லை. அது நமக்குத் தேவையுமில்லை. நம்மிடையே உள்ள ஓர் இளைஞர், 2023-ஆம் ஆண்டில், அலைபேசியிலே இதே உள்ளே வெளியே ஆட்டத்தைப் பணம் கட்டி ஆடினார். கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கிய பணமும், தங்கையின் திருமணத்திற்கென்று தாயார் சேர்த்து வைத்திருந்த பணமும் நான்கு மாதங்களில் கரைந்தன. அவ்வீட்டில் எத்தனை நாள் அடுப்பெரியவில்லை என்பதை அண்டை வீட்டார் அறிவார்கள். எல்லாரும் அவருக்குப் புத்தி சொன்னார்கள். அவர் படித்தவர், கெட்ட பழக்கம் வேறு எதுவும் இல்லாதவர். "என் அதிர்ஷ்டம் திரும்பியே தீரும்" என்பதொன்றே அவர் விடையாக இருந்தது.

அவரை ஒரு ஞாயிறு மாலை வகுப்புக்கு அழைத்தோம். பிள்ளைகளுக்கு அவர் கதை தெரியாது. எழுதி வைத்திருந்த நிரலில் பணத்தையும் சேர்த்தார்கள். ஒரு ரூபாய் கட்டி முதற் பக்கத்தில் வென்றால் ஒரு ரூபாய் தருவதில்லை, தொண்ணூறு காசே தருவார்கள் என்று அவரே சொன்னார். அந்தப் பத்துக் காசுக் கழிவைச் சேர்த்து ஓட்டியதும், கட்டும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் சராசரி இரண்டு ரூபாய்க்கு மேல் இழப்பு என்று வந்தது. மறுபக்கத்தில் கட்டினால் முழு ரூபாய் கிடைக்கும். ஆனால் நூற்றுக்கு மூன்று ரூபாய் இழப்பு. எந்தப் பக்கம் கட்டினாலும் நட்டமே. ஓர் இரவில் நூறு ரூபாய் வீதம் 200 ஆட்டம் ஆடுபவர், குறைந்த நட்டமுள்ள பக்கத்திலேயே கட்டினாலும், சராசரி 430 ரூபாய் இழப்பார். மாதம் 12,900 ரூபாய். ஒரு கடைநிலை ஊழியர் வீட்டின் அரிசி, பருப்பு, பால், பள்ளிக் கட்டணம் அனைத்தும் அதற்குள் அடங்கும்.

அவர் விடவில்லை. "நான் அப்படி ஆடவில்லை. தோற்றால் அடுத்த முறை இரட்டிப்பாகக் கட்டுவேன். ஒரு முறை வென்றால் போட்டதெல்லாம் திரும்பிவிடும்" என்றார். இது உலகெங்கும் சூதாடுபவர்கள் நம்பும் தந்திரம். பிள்ளைகள் அதையும் நிரலில் எழுதினார்கள். நூறு, இருநூறு, நானூறு என்று எட்டு முறை தொடர்ந்து தோற்றால் போனது 25,500 ரூபாய். ஒன்பதாம் முறைக்கு மேலும் 25,600 வேண்டும். எட்டு முறை தொடர்ந்து தோற்பது அரிதல்லவா என்றால், இரவுக்கு 200 ஆட்டம் ஆடுபவனுக்கு, ஏறக்குறைய மூன்று இரவுக்கு ஒருமுறை அது நேர்கிறது! திரையிலே எண்கள் ஓடின. பல இரவுகள் சிறு சிறு லாபம், திடீரென ஓரிரவில் பெரும் பள்ளம், மீண்டும் சிறு லாபம், மீண்டும் பள்ளம். அவர் நெடுநேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இது என் கணக்குப் புத்தகம் போலவே இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். தம் அதிர்ஷ்டத்தின்மீது அவர் கொண்டிருந்த கோபமும் நம்பிக்கையும் அன்றோடு தணிந்தன. இத்தனைக்கும், எதிரே சீட்டுப் போடுபவர் நேர்மையானவர் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. அந்தப் பையனின் கலைப்பில் இருந்தது போன்ற ஓரவஞ்சனை, தெரியாமல் அன்றித் தெரிந்தே புகுத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களை நடத்துவதையும் விளம்பரம் செய்வதையும் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் இயற்றியது. வரவேற்கிறோம். ஆனால் சட்டம் கடையை மூடலாம். ஆசையை மூடுவது சட்டத்தால் ஆகாது. இன்று ஒரு வேடத்தில் வரும் ஆசை நாளை வேறு வேடத்தில் வரும். முதலீடு என்ற பெயரிலும் வரும். ஒரு லட்சம் தடவை ஆடினால் என்ன ஆகும் என்று கேட்கப் பழகிய பிள்ளை, எந்த வேடத்தையும் கண்டு மயங்கிவிடாது. பெற்றோர் கொடுக்கும் சீதனங்களில் இது குறைந்ததன்று.

நிரலினால் நம் மொழிக்கு வந்த நன்மை ஒன்றையும் சொல்லவேண்டும். பைத்தானில் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில் இருந்தாலும், நாம் இடும் பெயர்களைத் தமிழ் எழுத்திலேயே எழுத அது இடம் தருகிறது. 'கட்டு', 'கலை', 'நடுச்சீட்டு', 'உள்ளே', 'வெளியே' என்று பிள்ளைகள் பெயரிட்டார்கள். தமிழ்ச் சொற்களாலேயே முழுவதும் எழுதக்கூடிய 'எழில்' என்னும் நிரல்மொழியும் உண்டு. வங்கமும் இந்தியும் ஆங்கிலமும் பேசி வளரும் நம் பிள்ளைகளுக்கு லகர ளகர வேறுபாடு நாவிலும் நிற்பதில்லை, எழுத்திலும் நிற்பதில்லை. ஒருவன் ஓரிடத்தில் 'வெளியே' என்றும் மற்றோரிடத்தில் 'வெலியே' என்றும் எழுதிவிட்டான். 'இப்படி ஒரு பெயரை நான் அறியேன்' என்று இயந்திரம் நின்றுவிட்டது. அரை மணி நேரம் தேடிக் கண்டுபிடித்தான். அன்றிலிருந்து அவன் ளகரத்தைத் தவறவிட்டதில்லை. நம் தமிழ் வகுப்பு ஆசிரியை ஆண்டுக்கணக்கில் முயன்றதை அந்த இயந்திரம் ஒரு மாலையில் முடித்துவிட்டதே என்று அவரே நகைத்துக்கொண்டு சொன்னார்.

அடுத்து நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது, நம்மவர் 'இருபத்தெட்டு' என்று ஆடுவதும் வங்க நண்பர்கள் 'இருபத்தொன்பது' என்று ஆடுவதுமான ஆட்டம். அதற்கு 32 சீட்டு. அதில் ராஜாவுக்கும் ராணிக்கும் மதிப்பே இல்லை. ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஆஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று. ஓர் இனத்திற்கு ஏழாக நான்கு இனத்திற்கு 28. கடைசிப் பிடிக்கு ஒன்று சேர்த்தால் 29. அரசனைவிட மந்திரி உயர்ந்துவிடும் இந்த ஆட்டத்தை எழுத, சீட்டின் முகம் வேறு, மதிப்பு வேறு என்று இரண்டு பட்டியல் வைக்கவேண்டும். துருப்பு எது என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். அடுத்த குவார்ட்டர்ஸ் வங்காளப் பிள்ளைகள் இருவர் இதற்காகவே நம் வகுப்பில் சேர்ந்திருக்கிறார்கள். எது சரியான விதி என்று வாரந்தோறும் வாக்குவாதம் நடக்கிறது. நடக்கட்டும்.

பெற்றோர்க்கு மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, இதில் மதிப்பெண் எவ்வளவு வரும் என்று கேட்காதீர்கள். 2020-ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கை நடுநிலை வகுப்புக்களிலிருந்தே நிரலெழுத்தைச் சொல்லித் தரவேண்டும் என்கிறது. ஆகவே மதிப்பெண்ணும் ஒருநாள் வரத்தான் செய்யும். ஆனால் அதற்காகவே கற்றால் கற்றது நில்லாது.

இரண்டாவது, பெண் பிள்ளைகளை அனுப்புங்கள். பதினொருவரில் பெண்கள் மூவரே. இஸ்பேட்டும் ஆர்ட்டினும் தேவையில்லை என்று முதலில் கண்டவள் ஒரு பெண்; கலைப்பிலுள்ள ஓரவஞ்சனையை எண்ணிக் காட்டியவளும் அவளே. சீட்டு என்ற சொல்லைக் கேட்டு அவளை நிறுத்திவிட அவள் வீட்டார் எண்ணியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களை வற்புறுத்த எனக்கு உரிமையில்லை. ஒரு ஞாயிறு மாலை நேரில் வந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுமாறு மட்டும் கேட்டுக்கொள்கிறேன். காசு என்ன, புளியங்கொட்டைகூடப் பந்தயம் வைப்பதில்லை என்பதை அவர்களே காண்பார்கள்.

மூன்றாவது, வீட்டில் பயனின்றிக் கிடக்கும் பழைய கணிப்பொறி எதுவாயினும் படிப்பகத்திற்குக் கொடுங்கள். பதினொருவர்க்கு இரண்டே இயந்திரங்கள் இருக்கின்றன. இந்த வகுப்புக்கு விலையுயர்ந்த இயந்திரம் வேண்டியதில்லை. பத்தாண்டுக்கு முந்தியதும் போதும்.

1951-ஆம் ஆண்டில், நாட்டின் முதல் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் நம் ஊரில்தான், ஹிஜ்லி சிறைமுகாம்க் கட்டடத்தில் தொடங்கப்பெற்றது. அதன் மதிற்சுவர் நம் காலனிக்குத் தொலைவில் இல்லை; ஆனால் அச்சுவருக்கு அப்பால் உள்ளது நமக்கு உரியதன்று என்ற எண்ணம் நம் பிள்ளைகளிடம் இருக்கிறது. அது நீங்கவேண்டும். அவ்வளவு பேரும் பொறியாளர் ஆகவேண்டும் என்பது என் கருத்தன்று. எழுத்தராகவோ, ஆசிரியையாகவோ, கடை வைத்தோ வாழட்டும். ஆனால் "இப்படித்தான்" என்று எவரேனும் சொன்னால், "எண்ணிப் பார்ப்போமே" என்று சொல்லும் துணிவு அவர்களுக்கு வரவேண்டும்.

 நாடகம் தொடங்கட்டும்.